அடுத்த வீட்டு அடுப்பில்

அன்று காலை என் வீட்டுக்காரர் ஒரு ஓட்டுச் சில்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

எங்கள் சூப் கடையின் பெரிய மண்சட்டியை ஏற்கெனவே முன்னி பேகம் அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருந்தார். எங்கள் கொல்லைக்கும் அவர்கள் கொல்லைக்கும் நடுவில் இருப்பது இடுப்பளவுச் சுவர்தான். ஐப்பசித் தூறல். மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அடுப்புக்குப் பின்னால் சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார்.

“இன்னா தேடறீங்க?”

“சில்லும்மா. அது இல்லன்னா சட்டி சாயும். அந்தக்கா நெறைய தண்ணிய ஊத்தி வெச்சிட்டு உள்ள போயிடுவாங்க. அப்பால கொட்டிப்போச்சின்னு என்னத்தான் கத்துவாங்க.”

“அவங்க வூட்ல ஒரு கல்லு கெடைக்காதா?”

“கல்லு வேற. இது அளவு.”

அந்தச் சட்டிக்கு அடி சமமில்லை. எந்த அடுப்பில் வைத்தாலும், வாயில் சின்ன உடைசல் இருக்கிற பக்கமாகச் சாயும். நாட்டோட்டில் உடைந்த ஒரு சில்லை அந்தப் பக்கம் அடியில் கொடுத்தால்தான் நேராக நிற்கும். சில்லு கிடைத்தது. லுங்கியில் துடைத்தார், சுவர் மேல் கையூன்றித் தாண்டினார். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே நான் அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அண்ணா, சட்டி குடுத்தாப் போதும்னு சொன்னேன். நீங்க அடுப்பையே தூக்கினு வருவீங்க போலக்கீது.”

“மொளகு, சீரகம், தனியா எல்லாம் தட்டிப் பொட்டலம் கட்டி வெச்சிருக்கேன். மறுபடி மிக்சில போட்டு நாஸ்தி பண்ணிடாதீங்க.”

“நான் பாயா வெக்கறப்ப நீங்க டவுசர் போட்டுனு இருந்திருப்பீங்க. எனக்கே பாடமா?”

“அலுமினியக் குண்டான்ல வெச்சீங்களே அந்தப் பாயாவா? அதத்தான் நானும் ஒரு தபா குடிச்சேனே.”

முன்னி அக்கா சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அன்றும் கேட்டது. “பேரனப் பாத்துட்டுப் போங்கண்ணா, முழிச்சினு இருக்கான்” என்றார்.

“சாயந்தரம் வந்து பாக்கறேன்க்கா. மழைன்னா ஆட்டுக்கால் சீக்கிரம் தீந்துடும். போய் எடுத்துனு வந்துடறேன்.”

பையை வண்டியின் முன்னால் மாட்டிக்கொண்டு கிளம்பினார். கறிக்கடை வாசலில், ஆட்டுக்கால்களைப் பையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்தாராம். உட்கார்ந்தவர் சரிந்துவிட்டார். முன்னி அக்காவின் மகன் அமான் ஆட்டோவை அந்தப் பக்கமாக ஓட்டிக்கொண்டு வந்தது என் அதிர்ஷ்டம். அவன்தான் அவரை மடியில் போட்டுக்கொண்டு, வேறொருவரை ஓட்டச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பிழைக்கவில்லை. ஆனாலும் தெரிந்த பிள்ளையின் மடியில் போனார் என்பதை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அவர் பெயர் சகாதேவன். வேங்கிக்கால் போகும் ரோட்டில், எங்கள் வீட்டின் முன்னறையிலேயே சூப் கடை வைத்திருந்தோம். கலெக்டர் ஆபீசில் வேலை முடிந்து போகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், வெளியூரிலிருந்து மனு கொடுக்க வந்து பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் என்று பொழுது சாய்ந்தால் ஆட்கள் வருவார்கள். ஆட்டுக்கால் சூப், நெஞ்செலும்பு சூப், கொள்ளு சூப். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் மலை சுற்ற வருகிறவர்களுக்கு முடக்கத்தான் கீரை சூப் மட்டும். அதற்குத் தனிச் சட்டி. எல்லாமே மண்சட்டிதான்.

கால்களை நெருப்பில் காட்டி முடி பொசுக்குவது அவர் வேலை. கத்தியால் சுரண்டி மஞ்சள் தடவிக் கழுவுவது என் வேலை. பொசுங்கிய வாடை என் புடவையை விட்டுப் போனதே இல்லை. மதியம் அடுப்பில் ஏறினால் சாயந்தரம் வரைக்கும் சின்னத் தீ. எலும்பு தன் பசையை விடும்வரை கிளறக் கூடாது. மண்சட்டியில் ஒரு வசதி உண்டு. விறகை வெளியே இழுத்த பிறகும் அது நெடுநேரம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். கடைசி ஆளுக்கும் சூடு குறையாது.

புதுச் சட்டி என்றால் இதெல்லாம் நடக்காது. தண்ணீரில் ஊறப்போட்டு, அரிசி கழுவிய தண்ணீரைக் காய்ச்சி, எண்ணெய் தடவிக் காயவைத்து எடுத்தாலும் முதலில் மண்வாசனைதான் வரும். “புதுச் சட்டி பாதி சூப்ப அதுவே குடிச்சிடும், கஸ்டமருக்கு இன்னாத்த ஊத்தறது” என்பார் அவர். வீட்டுக்கு மட்டும் அதில் பலமுறை வைத்துக் குடித்துப் பார்த்த பிறகுதான் கடைக்கு எடுப்பார். பெரிய சட்டி கடை தொடங்கிய நாளிலிருந்து இருந்தது. அதில் வெறும் தண்ணீரைக் காய்ச்சினாலே மிளகு மணக்கும்.

அதைத்தான் தூக்கி நூரைனுக்குக் கொடுத்திருந்தார். நூரைன் முன்னி அக்காவின் மருமகள். வாணியம்பாடிப் பெண். தாய் இல்லாதவள் என்பதால் முதல் பிரசவமே மாமியார் வீட்டில். பால் சரியாக ஊறவில்லை, பிள்ளை ஓயாமல் அழுகிறான் என்று முன்னி அக்கா சுவரில் சாய்ந்து சொன்னது அவர் காதில் விழுந்தது. “நாப்பது நாள் முடியற வரைக்கும் தெனம் கால் சூப் குடுங்க. என் சட்டிய எடுத்துக்கங்க, கடைய நெஞ்செலும்ப வெச்சி சமாளிச்சிக்கறேன்” என்று அப்போதே சொல்லிவிட்டார்.

*

என் நாத்தனார் ரேணுகாம்பாள் தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்து அன்று பகலே வந்துவிட்டார். தம்பியைத் தன் இடுப்பில் வைத்து வளர்த்தவர். அழுதார், அழுகையை நிறுத்திவிட்டு வேலை பார்த்தார், பிறகு மறுபடியும் அழுதார். யாருக்குச் சொல்லி அனுப்புவது, எந்தப் பக்கம் தலை வைப்பது, எல்லாம் அவர்தான். நான் உட்கார்ந்திருந்தேன். என்னை உட்கார விட்டதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு வீடு கழுவினார்கள். எவர்சில்வரும் பித்தளையும் முற்றத்தில் வந்து விழுந்தன. அதன் பிறகு நாத்தனார் கடைக்குள் போய் மண்சட்டிகளை எடுத்தார்.

“அண்ணி, அது எதுக்கு?” என்றேன்.

“இது மண்ணுடி ஆதி. வெண்கலம்னா கழுவலாம், எவர்சில்வர்னா கழுவலாம். மண்ணு எல்லாத்தையும் குடிச்சி வெச்சிக்கும். சாவு வுழுந்த வூட்ல மண்சட்டி வெச்சிக்கக் கூடாது.”

“அவரு சட்டிங்க அண்ணி.”

“அதுக்குத்தாண்டி சொல்றேன். அவன் பொழங்கின சட்டி இருந்தா அவன் போவமாட்டான். வாசப்படியிலயே நின்னுனு இருப்பான். போற எடத்துக்குப் போவட்டும், வுடு.”

நெஞ்செலும்புச் சட்டி, கொள்ளுச் சட்டி, பௌர்ணமிச் சட்டி மூன்றும் தெருமுனையில் உடைந்தன. அண்ணி உடைப்பதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவர் கோபமாகச் செய்யவில்லை. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர் போல ஒவ்வொன்றையும் தடவிவிட்டுத்தான் போட்டார்.

திரும்பி வந்து, “பெரிய சட்டி எங்க?” என்றார்.

நான் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அழுகிறவளிடம் இரண்டாம் முறை கேட்கக் கூடாது என்று அவரும் விட்டுவிட்டார்.

என் மகன் கலையரசனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. காரியம் முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு போவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தான். “அங்க வந்து டிவி பாத்துனு சொம்மா உக்காரும்மா. எதுக்குத் தனியா கஷ்டப்படணும்” என்றான். நல்ல பிள்ளைதான். ஆனால் அந்தச் சட்டி ஒன்று மிஞ்சினால்தான் கடையைத் திறப்பேன், அதுவும் போய்விட்டால் அவனோடு கிளம்பிவிடுவேன் என்று எனக்குள் தெளிவாகிவிட்டது. புதுச் சட்டியோடு ஆரம்பிக்க என்னிடம் தெம்பில்லை.

எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. முன்னி அக்கா வேளை தவறாமல் சாப்பாடு அனுப்பினார். எவர்சில்வர் வாளியில் ரசம், தூக்கில் சோறு, ஒரு கிண்ணத்தில் துவையல். கறி சமைக்கும் பாத்திரம் எதிலும் அதைச் செய்யவில்லை என்று அமான் ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவான். “எல்லாம் புது எவர்சில்வர்ங்க அத்தை. அம்மா இதுக்குன்னே வாங்கனாங்க.”

அண்ணி முதலில் சாப்பிடத் தயங்கினார். பிறகு ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்துவிட்டு, “பூண்டு ஜாஸ்தி” என்றார். அடுத்த வேளை பூண்டு குறைந்திருந்தது.

*

காரியத்துக்கு இரண்டு நாள் முன்பு, மழை விட்ட சாயந்தரம். அண்ணி பாயில் படுத்திருந்தார். திடீரென்று எழுந்து உட்கார்ந்தார்.

“ஆதி. இன்னாடி வாசன இது?”

எனக்கும் வந்துகொண்டிருந்தது; இத்தனை நாளும் மழை அதை அமுக்கி வைத்திருந்தது. தட்டிய மிளகு, அடியில் லேசாகப் பிடித்த மஞ்சள், எலும்புப் பசை. கடை திறக்கும் நேரம் அது. அதே நேரத்துக்கு அதே வாசனை.

அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. “போவல. இங்கதான் நிக்கறான். நான் சொன்னனே, போவமாட்டான்னு சொன்னனே.” என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பயத்தில் அவரை விட்டுவைக்க என்னால் முடியவில்லை. “சட்டி பாயம்மா வூட்ல கீது அண்ணி” என்றேன். “அவருதான் குடுத்தாரு.”

அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். நானும் பின்னால் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம், தகரக் கொட்டகைக்குக் கீழே விறகடுப்பு. அதன் மேல் பெரிய சட்டி. ஆவி ஓரமாக வந்துகொண்டிருந்தது. முன்னி அக்கா மனையில் உட்கார்ந்து தீயைத் தள்ளிக்கொண்டிருந்தார். உள்ளே பிள்ளை சிணுங்கும் சத்தம்.

அண்ணி சுவரைத் தாண்டவில்லை. சாவுத் தீட்டோடு பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் காலெடுத்து வைப்பவரல்ல அவர். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பாயம்மா.”

முன்னி அக்கா திரும்பினார். எங்கள் இருவரையும் பார்த்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது.

“வாங்க” என்றார். குரல் இறங்கிவிட்டது.

“அந்தச் சட்டி என் தம்பிதுதான?”

“ஆமாங்க.”

“எங்க வழக்கம் தெரியுமில்ல?”

“தெரியும். அன்னிக்கு நீங்க ஒடச்சத நான் வாசல்லேந்து பாத்தேன். கொண்டாந்து குடுத்தா ஒடச்சிடுவீங்க. குடுக்காம வெச்சினு இருந்தா சாவு வூட்டுப் பொருள அமுக்கனவன்னு பேரு. ரெண்டுக்கும் நடுவுல தெனம் இத அடுப்புல ஏத்தி எறக்கினு இருக்கேன். தூங்கவே முடியலங்க.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “உங்களுது. கேட்டீங்க, குடுத்துடறேன்.”

இரண்டு பழந்துணிகளைக் கையில் சுற்றிக்கொண்டார். சட்டியின் இரண்டு பக்கமும் பிடிக்கக் குனிந்தார். சூப் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே பிள்ளை வீறிட்டான். நூரைனின் குரல் கேட்டது: “மாமி, ஆயிடுச்சா? ரொம்பப் பசிக்குது.”

“எறக்காத!” என்று அண்ணி கத்தினார்.

முன்னி அக்கா குனிந்தபடியே நின்றுவிட்டார்.

“வெய்யி அத. பிள்ள பெத்தவ அடுப்புலேந்து கொதிக்கற சட்டிய எறக்கச் சொல்ற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போவல.”

ஈர விறகு புகைந்தது. அண்ணி சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்ப குடுத்தான்?”

“அன்னிக்குக் காலைல.”

“அவனேவா?”

“அவரேதான். தூக்கினு வந்து, வெச்சி, பொட்டலம் கட்டின மொளகும் குடுத்துட்டு. இன்னும் ரெண்டு நாளைக்கி வரும் அது.”

“அப்ப இது வூட்ட வுட்டுப் போறப்ப அவன் நல்லாத்தான இருந்தான்.” இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே கணக்குப் போடுகிறவர் போல விரலை மடக்கிக்கொண்டு சொன்னார். “சாவு வுழுந்தப்ப இது இங்க இல்ல. பிள்ள பொறந்த வூட்ல இருந்திச்சி. பொறந்த தீட்டு ஏறின சட்டி இது. அதுல சாவுத் தீட்டு எங்கடி ஏறப்போவுது?”

“ஏறாதுங்களா?” என்று முன்னி அக்கா கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“ஏறாது. நான் சொல்றேன், ஏறாது. நாப்பது முடியற வரைக்கும் உன் மருமவ குடிக்கட்டும். அப்பால ஆதிகிட்ட குடுத்துடு.” உடனே, “யாராச்சும் கேட்டா ரேணுகாம்பாள் சொன்னான்னு சொல்லு” என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் அது அம்மன் பெயர், அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

முன்னி அக்கா துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

அண்ணி போகத் திரும்பியவர் நின்றார். “அது சாயுமே. எப்டி வெச்சிருக்க?”

“சில்லு குடுத்துட்டுப் போனாருங்க. தேடி எடுத்துனு வந்து.”

அதைக் கேட்டதும்தான் அண்ணி உடைந்தார். சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார். “இந்தச் சட்டிய சந்தைல வாங்கிக் குடுத்ததே நான்தாண்டி. கடை வெக்கறேன்னு சொன்னானேன்னு. வூட்டுக்கு வந்து பாத்தா அடி சரியில்ல. வாடா, போய் மாத்தினு வரலாம்னேன். ‘நீ வாங்கினது, சாஞ்சா சாயட்டும் போக்கா’ன்னுட்டான். எம்மாம் திட்டினேன் தெரியுமா? மாத்தவே இல்ல.”

எத்தனையோ வருடம் அந்தச் சட்டியோடு வேலை செய்தவள் நான். அதை என் வீட்டுக்காரர் எனக்குச் சொன்னதே இல்லை.

*

காரியம் முடிந்த மறுநாள், சுவர் வழியாக ஒரு தூக்கு சூப் வந்தது. அண்ணி திறந்து பார்த்தார். ஒரு டம்ளரில் ஊற்றி ஊதி ஊதிக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முன்னி அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் பரீட்சை எழுதிய பிள்ளை போல நின்றிருந்தார்.

“உப்பு கம்மி” என்றார் அண்ணி.

“பால் குடுக்கறவளுக்கு உப்பு கம்மியாத்தாங்க போடுவேன்.”

“அதுவும் சரிதான்” என்று சொல்லி இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டார்.

கலையரசனும் குடித்தான். டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை பார்த்துவிட்டு, “நீ வரமாட்ட இல்ல?” என்றான்.

“சட்டி வரட்டும்டா. பாக்கலாம்.”

“புரியுதும்மா” என்றான். மறுநாள் தனியாக பஸ் ஏறினான். போகும் முன் கடையின் பல்பை மாற்றி, ஆடிக்கொண்டிருந்த பெஞ்சுக்கு ஆணி அடித்துவிட்டுப் போனான்.

தீபக் கூட்டம் வந்து போனது. அத்தனை ஜனம் ரோட்டில் நடந்தும் என் கடை மூடியே கிடந்தது. ஒருநாள் காலை முன்னி அக்கா சட்டியைத் தூக்கிக்கொண்டு, இந்த முறை சுவர் வழியாக அல்லாமல் வாசல் வழியாக வந்தார். பின்னால் நூரைன். ஒரு தோளில் பிள்ளை. மூடியிருந்த இன்னொரு கையை என்னிடம் நீட்டித் திறந்தாள்.

“இத வுட்டுட்டா அங்கிள் கோச்சுக்குவாரு, ஆன்ட்டி.”

கருத்துப்போன ஓட்டுச் சில்லு.

பிள்ளைக்குக் கன்னம் உப்பியிருந்தது. அவர் பார்க்காத பிள்ளை. சாயந்தரம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளை. அவனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நல்ல கனம்.

அன்று மதியம் அமான் கால் வாங்கி வந்து கொடுத்தான். முடி பொசுக்குவதை நானே செய்தேன். புருவம் கொஞ்சம் கருகியது. முன்னி அக்கா மனையைப் போட்டு உட்கார்ந்து, “தீ ஜாஸ்தி, தீ ஜாஸ்தி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். “அலுமினியக் குண்டான்காரங்க பேசக் கூடாது” என்றேன். அவர் இல்லாமல் போன பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் முறை.

கலெக்டர் ஆபீசிலிருந்து வேணு வந்தார். எங்கள் கடைக்கு வெகுநாள் வாடிக்கை. விளக்கு எரிவதைப் பார்த்து வண்டியை நிறுத்தியவர், என் வீட்டுக்காரர் நிற்கும் இடத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். நான் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார்.

“அண்ணி, இன்னாவோ ஒண்ணு புதுசா இருக்குதே.”

“நல்லா இல்லீங்களா?”

“நல்லாத்தான் இருக்குது. அண்ணன் வெச்சாப்லயேதான் இருக்குது. உள்ள லேசா பட்டை வாசன வருது.”

என் வீட்டுக்காரர் பட்டை போடமாட்டார். நானும் போடவில்லை. முன்னி அக்கா போட்டிருப்பார், பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு சூட்டுக்காக, தினமும் ஒரு துண்டு. அத்தனை நாளும் அதையும் சட்டி குடித்து வைத்திருந்தது. கழுவினால் போகாது, போகவும் வேண்டாம். இப்போது நானும் ஒரு சின்னத் துண்டு போடுகிறேன்.

மற்ற சட்டிகளை அண்ணியே சந்தையில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். இந்த முறை ஒவ்வொன்றையும் கடையிலேயே தரையில் வைத்து, குனிந்து, நாலு பக்கமும் பார்த்து வாங்கினாராம். எல்லாம் நேராக நிற்கின்றன. மெல்ல மெல்லப் பழகி வருகின்றன.

பெரிய சட்டி மட்டும் இன்னும் உடைசல் பக்கமாகத்தான் சாய்கிறது. நான் சில்லை வைக்கிறேன்.